பெயரில் மட்டும் பால்

நாய் ஒரு வேளை சோறு தின்னாவிட்டால் வீடே கூடிவிடும். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டால் மீன் வாங்க ஆள் ஓடும். கண்ணாடித் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பாம்பு எட்டு வாரமாக எலியைத் தொடவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அக்கம்பக்கத்தில் சொன்னால், "பாம்பா வளர்க்கிறீர்கள்?" என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடும். தெருமுனையில் நாய்க்குத் தடுப்பூசி போடும் மருத்துவர் பாம்பைத் தன் மேஜைமேல் வைக்கவே சம்மதிப்பது சந்தேகம். இப்படித் தனித்துவிடப்பட்டவர் பதற்றத்தில் எடுக்கும் முடிவுகள், பாம்பின் பட்டினியைவிடப் பாம்புக்கு ஆபத்தானவை.

பெங்களூர், மும்பை, சென்னை போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் வளர்க்கப்படும் பாம்புகளில் முக்கியமானது 'பால் பைத்தான்'. பெயரைக் கேட்டுப் பால் ஊற்றிவிட வேண்டாம். இந்தப் 'பால்' ஆங்கிலப் பால். பந்து என்று பொருள். பயம் வந்தால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும் சின்ன மலைப்பாம்பு. வளர்ந்தாலும் மூன்று முதல் ஐந்து அடிதான். விஷம் கிடையாது. சாது. அதனாலேயே உலகம் முழுவதும் பாம்புப் பிரியர்களின் செல்லம். சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பல்லாண்டுகளாகப் பெருமளவில் ஏற்றுமதியாகி வருகிறது.

இந்தப் பாம்புக்கு இன்னொரு புகழும் உண்டு. பட்டினி கிடப்பதில் இதற்கு இணை குறைவு. நன்றாக இருக்கும் பாம்பே திடீரென்று இரையை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருக்கும். வளர்ப்பவருக்குத்தான் தூக்கம் போகும்.

பாம்பின் பசியை மனிதப் பசியால் அளப்பதில்தான் முதல் கோளாறு. நாம் தின்பதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவில்லை. வெயிலையும் சுடுமண்ணையும் அது இலவசமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே நன்கு வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஓர் எலி போதும். இரை இல்லாத நாட்களில் மலைப்பாம்பின் குடல் சுருங்கிவிடுகிறது. இரை உள்ளே போனதும் மீண்டும் பெருக்கிறது. பர்மிய மலைப்பாம்பை வைத்து நடந்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்று, இரை விழுங்கிய இரண்டு நாட்களுக்குள் அதன் இதயம் சுமார் 40 சதவீதம் பருப்பதாகக் கண்டது. சமையலறையை மூடிவைத்துவிட்டு, விருந்தாளி வந்தால் மட்டும் அடுப்பு மூட்டும் வீடு அது.

பட்டினிக்குச் சாதாரணக் காரணங்கள் பல. சட்டை உரிக்கப் போகும் பாம்பின் கண் நீலம் கலந்த பால் நிறமாக மங்கும், அந்த ஒன்றிரண்டு வாரம் பார்வையும் மங்கும், இரை எடுக்காது. இனப்பெருக்கக் காலத்து ஆண் பாம்புக்குச் சிந்தனை வேறெங்கோ இருக்கும். முட்டை சுமக்கும் பெண்ணும் இரையைத் தள்ளிவைக்கும். நம் நாட்டு மலைப்பாம்பின் தாய், முட்டைகளைச் சுற்றிக்கொண்டு உடலைத் துடிக்கவைத்துச் சூடேற்றி அடைகாக்கும். அந்த இரண்டு மாத காலமும் ஏறக்குறைய உபவாசம்தான். புது வீட்டுக்கு வந்த பாம்பு, இடம் பழகும்வரை சில வாரம் வாயைத் திறக்காது. இவை எதற்கும் மருந்து தேவையில்லை.

அடுத்த வகைக் காரணம், வீடு சரியில்லை என்பது. நோய் என்று நினைத்துக் கலங்குபவர்களில் பெரும்பாலோரின் சிக்கல் இங்கேதான். பால் பைத்தானின் தொட்டியில் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் சூடாகவும், மறுமுனை 26 டிகிரி அளவில் மிதமாகவும் இருக்க வேண்டும். தேவைக்கேற்ப இங்கும் அங்கும் நகர்ந்துதான் பாம்பு தன் உடற்சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. டிசம்பர் இரவில் பெங்களூரில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். ஜனவரி டில்லியைச் சொல்லவே வேண்டாம். மனிதர்கள் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறார்கள். பாம்புக்குக் கம்பளியால் பயனில்லை, உள்ளே சூடு உற்பத்தியானால்தானே அது அதைக் காக்கும்! உடல் குளிர்ந்த பாம்பால் செரிக்க முடியாது. விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகும், இல்லையேல் வெளியே வரும். இந்த நிலையில் அது இரையை மறுப்பது அறிவான காரியம்.

குளிரூட்டப்பட்ட அறையில் பாம்புத் தொட்டியை வைப்பவர்கள் உண்டு. மே மாதச் சென்னையில் ஜன்னலோர வெயிலில் வைத்து வேகவிடுபவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. சூடேற்றும் விரிப்பை தெர்மாஸ்டாட் இல்லாமல் இரவெல்லாம் எரியவிட்டு, பாம்பின் வயிற்றுத்தோல் வெந்துபோவது இன்னொரு பழக்கமான விபத்து. மின்சாரம் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைப்பது எளிய ஏற்பாடு.

மறைவிடம் சூட்டுக்கு அடுத்த தேவை. ஆப்பிரிக்கப் புல்வெளியில் இந்தப் பாம்பு பகலை எலி வளையிலும் கறையான் புற்றிலும் கழிக்கிறது. வரவேற்பறையில், நாலு பக்கமும் கண்ணாடி, மேலே விளக்கு, எதிரே தொலைக்காட்சி, விருந்தினர் வந்தால் கழுத்தில் மாலை என்ற வாழ்க்கை அதற்குத் தண்டனை. உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமான ஒரு பெட்டி வேண்டும். அதற்கு ஒரு வாசல் போதும். சூடான முனையில் ஒன்று, மிதமான முனையில் ஒன்று என்று இரண்டு வைப்பது உத்தமம். ஒரே ஒரு மறைவிடத்தைக் குளிர்ந்த பக்கத்தில் வைத்தால், பாம்பு சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். குளிரும், பட்டினி தொடரும்.

ஆகவே இரை எடுக்காத பாம்புக்கு முதல் மருத்துவக் கருவி தெர்மாமீட்டர். தொட்டியின் இரு முனைகளிலும், பாம்பு படுக்கும் தரை மட்டத்தில் அளக்க வேண்டும். இரவில் ஒரு முறை, அதிகாலையில் ஒரு முறை. இரண்டாவது கருவி சமையலறைத் தராசு. வாரம் ஒரு முறை எடை பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவைப்பது ஆயிரம் ஊகங்களைத் தவிர்க்கும். நன்கு வளர்ந்த பாம்பு இரண்டு மாதம் பட்டினி கிடந்தும் எடை பெரிதாகக் குறையவில்லை என்றால் காத்திருக்கலாம். எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்றால், மற்ற அறிகுறிகள் இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். முட்டையிலிருந்து வந்து சில மாதங்களே ஆன குட்டிக்கு இவ்வளவு அவகாசம் இல்லை. அதன் சேமிப்பு சொற்பம்.

இடத்தைச் சரிசெய்த பிறகு ஒரு வாரம், பத்து நாள் பாம்பைத் தொடவே கூடாது. தண்ணீர் மாற்றலாம், சுத்தம் செய்யலாம், அவ்வளவுதான். கையில் எடுத்துக் கொஞ்சுவது, உயிரோடு இருக்கிறதா என்று குத்திப் பார்ப்பது, தினமும் ஓர் எலியை மூக்கருகில் ஆட்டுவது எல்லாம் பட்டினியை நீட்டிக்கும். பலருக்கு இதுதான் கடினமான சிகிச்சை. ஏதாவது செய்துகொண்டே இருந்தால்தான் அக்கறை என்று பழகிவிட்டோம்.

பிறகு இரை. பால் பைத்தான் இரவு வேட்டைக்காரன். அதன் மேலுதட்டில் உள்ள குழிகள் இரையின் உடற்சூட்டை உணர்கின்றன. உறைபெட்டியிலிருந்து எடுத்து அரைகுறையாக உருகிய எலி அதற்கு இரையாகவே தெரியாது. உறைந்த எலியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் முதலில் உருகவிட்டு, பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் வைத்து, உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு உதவாது. வெளியே ஜில், உள்ளே கொதி என்றாகிவிடும். விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியில் பிடித்து மறைவிடத்தின் வாசலில் காட்டலாம். எடுக்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு நகர்ந்து, காலையில் கிடந்தால் எடுத்து எறிந்துவிடலாம். அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்து. எலியின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தைத் தாண்டக் கூடாது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு முதல் இரை அதைவிடவும் சிறியதாக இருப்பது நல்லது.

உயிருள்ள எலியை உள்ளே விட்டுக் கதவை மூடுவது விபரீதம். பசியில்லாத பாம்பு சும்மா கிடக்கும். எலி சும்மா இருக்காது. இரவெல்லாம் பாம்பின் முதுகைக் கொறித்து எலும்பு தெரியக் காயப்படுத்திய எலிகள் உண்டு. யார் யாருக்கு இரை என்பது காலையில்தான் தெரியும்.

இவ்வளவுக்கும் அப்பால் நிஜமான நோய்கள் இருக்கின்றன. அவற்றின் அடையாளங்களைத் தெரிந்துகொள்வது அவசியம். ஈறு சிவந்து, வாயோரம் தயிர்க்கட்டி போன்ற சீழ் தெரிந்தால் வாய்ப்புண். வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, மூக்கில் குமிழி, சீழ்க்கை ஒலி என்றால் நுரையீரல் தொற்று. எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்து, செதில்களுக்கு நடுவே மிளகுத்தூள்போல் கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தால் உண்ணிப்பேன். விழுங்கியதைத் திரும்பத் திரும்பக் கக்குவதும், உடலின் நடுப்பகுதி வீங்குவதும் குடல் ஒட்டுண்ணியைக் குறிக்கலாம். தோல் சுருங்கி, கண் உள்வாங்கி, சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. மல்லாந்து கிடந்தும் நிமிர முடியாமல் தவித்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது; அவசரம்.

இதில் எந்த ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் நிறுத்தப்பட வேண்டும். பேனுக்கு மண்ணெண்ணெய் தடவுவதும், தொட்டிக்குள் கரப்பான் மருந்து அடிப்பதும் பேனோடு பாம்பையும் சேர்த்துக் கொல்லும். மனிதருக்கான வைட்டமின் சொட்டு, மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரை ஆகியவையும் அதே ரகம். தேர்ந்த மருத்துவர் முதலில் கேட்பது தொட்டியின் சூடு, எடை நோட்டு, கடைசியாகச் சட்டை உரித்த தேதி. அடுத்து வாயைத் திறந்து பார்ப்பார், மலத்தைப் பரிசோதிப்பார், தேவையானால் எக்ஸ்ரே எடுப்பார். ஊர்வனவற்றில் அனுபவமுள்ள மருத்துவர்கள் இந்தியாவில் மிகக் குறைவு. பெரிய நகரங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகுவது ஒரு வழி. பாம்பைத் துணிப்பையில் போட்டு, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, வெயிலும் குளிர்காற்றும் படாமல் கொண்டுபோக வேண்டும். இப்படி ஒருவரைப் பாம்பு நோய்ப்படும் முன்பே தேடி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பலரும் கடைசியில் போய் நிற்கும் இடம், வாயைப் பிளந்து ஊட்டுவது. பாம்பின் மூச்சுக்குழல் திறப்பு வாயின் தரையில், நாக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழகாத கை ஊற்றும் திரவம் வயிற்றுக்குப் பதில் நுரையீரலுக்குப் போகும். எலியைத் திணித்தால் பல்லும் ஈறும் கிழியும். போராடிய பாம்பு, கை எடுத்ததும் கக்கிவிடும். இருந்த தெம்பும் போகும். நெடுநாள் பட்டினியால் வாடிய உடம்பில் திடீரென்று நிறைய உணவு சேர்ந்தால், ரத்தத்தில் தாது உப்புகளின் அளவு சரிந்து உயிரே போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் முதலில் சூடு, பிறகு நீர், அதற்கும் பிறகே கொஞ்சம் கொஞ்சமாக உணவு என்று வரிசை வைத்திருக்கிறார்கள். குழாய் வழி ஊட்டுவது அவர்கள் கையில் இருக்க வேண்டிய கடைசி ஆயுதம்.

வாயில் ஊற்றிப் பாம்பைக் காப்பாற்றும் ஆசை இந்த நாட்டில் புதிதல்ல. ஒவ்வொரு நாகபஞ்சமிக்கும் வடக்கிலும் மேற்கிலும் பாம்பாட்டிகளின் கூடைகள் திறக்கின்றன. உள்ளே இருக்கும் நாகத்தின் விஷப்பல் பிடுங்கப்பட்டிருக்கும்; சில சமயம் வாயே தைக்கப்பட்டிருக்கும். பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்ததால், கிண்ணத்தில் எது ஊற்றினாலும் அது குடிக்கும். பக்தர்களுக்குப் பாம்பு பால் குடித்த புண்ணியம். பாம்புக்கு, செரிக்க முடியாத பால்; பாதி நுரையீரலில். வாய் சீழ்பிடித்த அந்த நாகங்களில் பல, மீட்கப்பட்ட பிறகும் இரை எடுக்காமலே சாகின்றன. கூடையில் கிடக்கும் நாகமும் அடுக்குமாடி மலைப்பாம்பும் வேறு வேறு உலகம்தான். என்றாலும் இரண்டின் வாயிலும் ஊற்றும் கை, அதற்கு என்ன வேண்டும் என்று கேட்காத கை.

பெனின் நாட்டில் உய்தா என்ற கடற்கரை ஊரில் பால் பைத்தானுக்கே ஒரு கோவில் இருக்கிறது. அங்கேயும் பாம்பு தெய்வம். ஆனால் கோவில்காரர்கள் அவ்வப்போது இரவில் கதவைத் திறந்துவிடுகிறார்கள். பாம்புகள் ஊருக்குள் போய்த் தாமே எலி பிடித்துக்கொள்கின்றன. வழிதவறி யார் வீட்டிலாவது நுழைந்தால், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது ஊர் வழக்கம். இங்கே சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், விஷம் எடுப்பதற்காகப் பிடித்த பாம்புகளை மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, இருட்டில் அமைதியாக வைக்கிறார்கள். சில வாரம், நாலு முறை விஷம் எடுப்பதோடு சரி. அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பை நன்கு அறிந்தவர்கள் அதை அதிகம் தொந்தரவு செய்வதில்லை.

நம் நாட்டுப் பாம்பு ஒன்று வீட்டில் பட்டினி கிடந்தால் விஷயம் வேறு. தோட்டத்தில் கிடைத்த மலைப்பாம்புக் குட்டியையோ சாரையையோ பாட்டிலில் போட்டு வளர்க்க நினைக்கும் பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மலைப்பாம்பு அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை ஏழு ஆண்டு சிறைவரை போகலாம். இந்தப் பட்டினிக்கு மருந்து, வனத்துறைக்கு ஒரு தொலைபேசி.

வெளிநாட்டுப் பாம்புக்கும் இப்போது சட்டம் உண்டு. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு அரிய உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாகத் தெரிவித்தால் ஆவணம் கேட்பதில்லை என்றது. 2022 சட்டத் திருத்தமும், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும் அவற்றைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின. பதிவு செய்யாதவருக்கு மருத்துவரிடம் போகவே தயக்கம் வரும்; அந்தத் தயக்கத்தின் விலையைப் பாம்பு கொடுக்கும். கடத்தலும் நின்றபாடில்லை. 2023 செப்டம்பரில் பெங்களூர் விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டியில் 55 பால் பைத்தான்கள், 17 ராஜநாகங்கள், இறந்துபோன ஆறு குரங்குகள். துணியில் சுருட்டி, நீரின்றி, குளிரில் அடைபட்டு வரும் பாம்பு கைமாறிக் கைமாறி ஒரு வீட்டை அடைந்தபின் இரை எடுக்கவில்லை என்றால், அந்தப் பட்டினி எங்கே தொடங்கியது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நன்கு பராமரித்தால் பால் பைத்தான் இருபது, முப்பது ஆண்டு வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒன்று 2020இல் முட்டையிட்டு ஆச்சரியப்படுத்தியது. வாங்கும் பையனுக்கு இன்று பதினெட்டு வயதென்றால், அவன் கல்யாணம், வேலை மாற்றம், குழந்தைகள் எல்லாவற்றின் ஊடாகவும் பாம்பு கூடவே வரும். மாதம் ஒன்றிரண்டு எலி, ஒரு தெர்மாஸ்டாட், ஒரு தராசு, தூரத்தில் ஒரு மருத்துவர், கை கழுவச் சொல்லி வீட்டுக் குழந்தைகளிடம் தினமும் ஒரு கண்டிப்பு. இவ்வளவும் முப்பது ஆண்டுக்கு முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரரிடம் விலை கேட்க வேண்டும்.